தொலமி இராச்சியத்தின் வீழ்ச்சி: எகிப்து உரோமரின் கைக்குச் சென்ற வரலாறு

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,

- எகிப்தில் தொலமி வம்சத்தின் ஆட்சி தோன்றிய விதத்தைக் கூறுவீர்கள்.
- அவ்விராச்சியத்தின் வீழ்ச்சிக்கான நீண்டகாலக் காரணிகளையும் உடனடிக் காரணிகளையும் வேறுபடுத்துவீர்கள்.
- எகிப்து உரோமரின் ஆட்சிக்குட்பட்டதன் விளைவுகளை விளக்குவீர்கள்.

மாணவர்களே, எகிப்தின் வீழ்ச்சி பற்றி எழுதச் சொன்னால் பலருடைய விடை கிளியோபாத்திராவின் அழகில் தொடங்கிப் பாம்பு கடித்ததில் முடிந்துவிடுகிறது. கதை சுவையானதுதான். ஆனால் வினாத்தாள் கேட்பது காரணத்தை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நிலைத்த ஓர் இராச்சியம் ஒரு பெண்ணின் காதலால் மட்டும் அழிந்துவிடுமா? அப்படியாயின் அதற்கு முந்திய நூற்றைம்பது ஆண்டுகளில் அங்கு என்ன நடந்தது? இந்த வினாவை மனதில் வைத்துக்கொண்டு பாடத்தை வாசியுங்கள்.

கி.மு. ஆண்டுகள் இறங்குவரிசையில் செல்லும் என்பதையும் மறவாதீர்கள். கி.மு. 168 முந்தியது, கி.மு. 30 பிந்தியது.

1. தொலமி இராச்சியத்தின் தோற்றம்

மக்கிடோனியாவின் மன்னன் மகா அலெக்சாந்தர் கி.மு. 332 இல் பாரசீகரிடமிருந்து எகிப்தைக் கைப்பற்றினான். அடுத்த ஆண்டு நைல் நதியின் கழிமுகத்திற்கு மேற்கே, கடற்கரையில் தன் பெயரால் அலெக்சாந்திரியா நகரை நிறுவினான். கி.மு. 323 இல் அவன் பபிலோனில் இறந்தபோது, அவனது பேரரசைத் தளபதிகள் பங்கிட்டுக்கொண்டனர். எகிப்து தொலமி என்னும் தளபதிக்குக் கிடைத்தது. முதலில் ஆளுநராக இருந்த அவன் கி.மு. 305 இல் தன்னை மன்னனாக அறிவித்தான். அவனது வழிவந்தோரின் ஆட்சியே தொலமி வம்ச ஆட்சி எனப்படுகிறது.

இங்கு ஒரு முக்கியமான விடயம் உண்டு. தொலமி மன்னர்கள் எகிப்தியர் அல்லர், மக்கிடோனியக் கிரேக்கர். அரசவையின் மொழி கிரேக்கம். உயர் பதவிகளும் படையின் முக்கிய இடங்களும் பெரும்பாலும் கிரேக்கரிடமே இருந்தன. இம்மன்னர்கள் கோயில்களில் பாரோ மன்னரைப் போலத் தம்மைச் சித்திரித்துக்கொண்டனர். சகோதரியை மணக்கும் வழக்கத்தையும் கைக்கொண்டனர். ஆயினும் நாட்டு மக்களின் மொழியை அவர்கள் கற்கவில்லை. அவ்வம்சத்தில் எகிப்திய மொழியைப் பேசிய முதல் ஆட்சியாளர் கடைசி அரசியான 7 ஆம் கிளியோபாத்திராவே எனப் புளூட்டாக் என்னும் கிரேக்க எழுத்தாளர் கூறுகிறார்.

2. இராச்சியத்தின் பலம்

முதல் மூன்று தொலமி மன்னர்களின் காலம் இவ்விராச்சியத்தின் சிறப்புக் காலமாகும். அதன் பலத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

- விவசாயம்: ஆண்டுதோறும் நைல் நதி பெருகிக் கொண்டுவந்த வண்டல் மண்ணால் தானிய விளைச்சல் அதிகமாக இருந்தது.
- வரி முறை: நிலவரி, சுங்கவரி என்பவற்றோடு எண்ணெய் உற்பத்தி போன்ற சில தொழில்கள் அரசின் தனியுரிமையாக இருந்தன.
- வணிகம்: தானியம், பப்பைரஸ், கண்ணாடிப் பொருட்கள் முதலியன அலெக்சாந்திரியாத் துறைமுகத்தினூடாக ஏற்றுமதியாயின.
- கல்வி: அலெக்சாந்திரியாவின் நூலகமும் அறிஞர் மன்றமும் பண்டைய உலகில் புகழ்பெற்றன.
- கடல் வலிமை: சைப்பிரஸ், சிரேன் முதலிய பிரதேசங்களும் சிரியாவின் தென்பகுதியும் எகிப்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான பாரோஸ் கலங்கரை விளக்கம் இக்காலத்தில் கட்டப்பட்டதே.

கி.மு. 273 இல் 2 ஆம் தொலமி உரோமுக்குத் தூதனுப்பி நட்புறவை ஏற்படுத்தினான். அன்று உரோம் இத்தாலிக்குள் வளர்ந்துவந்த ஒரு குடியரசு மட்டுமே. செல்வத்திலும் கடற்படையிலும் எகிப்தே மேலோங்கி இருந்தது. இந்நிலை எவ்வாறு தலைகீழானது என்பதையே இனிப் பார்க்கப்போகிறோம்.

3. உள்ளே தோன்றிய விரிசல்

கி.மு. 217 இல் சிரியாவின் செலூசிட் மன்னன் 3 ஆம் அந்தியோக்கஸ் எகிப்தைத் தாக்கியபோது, 4 ஆம் தொலமி இராபியா என்னுமிடத்தில் அவனைத் தோற்கடித்தான். இவ்வெற்றிக்காக முதன்முறையாகச் சுமார் 20,000 எகிப்தியருக்கு ஈட்டி கொடுத்துப் போர்ப் பயிற்சி அளிக்கப்பட்டது. போரில் வென்ற எகிப்தியர் தமது பலத்தை உணர்ந்தனர். இதுவே பிற்காலக் கிளர்ச்சிகளுக்கு வழிவகுத்தது எனப் பொலிபியஸ் என்னும் வரலாற்றாசிரியர் கருதினார்.

அதன்பின் தென்னெகிப்தில் மூண்ட கிளர்ச்சி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் (கி.மு. 206 – 186) நீடித்தது. தீப்ஸ் பகுதியில் உள்நாட்டவரே பாரோக்களாக முடிசூடினர். வரிப்பளு தாங்காத விவசாயிகள் நிலத்தைக் கைவிட்டு ஓடும் வழக்கமும் இருந்தது. பூசகர்களின் ஆதரவைப் பெறுவதற்காக 5 ஆம் தொலமி கோயில்களுக்கு வரிச்சலுகை அளித்தான். கி.மு. 196 இல் பொறிக்கப்பட்ட ரொசெட்டாக் கல்வெட்டு இத்தகைய சலுகைகளையே கூறுகிறது. ஒரே செய்தி மூன்று எழுத்து முறைகளில் எழுதப்பட்டிருப்பதே அந்நாட்டில் ஆள்வோரும் ஆளப்படுவோரும் வேறுவேறாக இருந்தமைக்குச் சான்றாகும். இக்கல்வெட்டு 1799 இல் கண்டெடுக்கப்பட்டது.

இதே காலத்தில் 3 ஆம் அந்தியோக்கஸ் மீண்டும் போர்தொடுத்து, சிரியாவின் தென்பகுதியை எகிப்திடமிருந்து நிரந்தரமாகப் பறித்துக்கொண்டான். வருமானம் குறைந்தது, எல்லைப் பாதுகாப்பும் பலவீனமடைந்தது.

4. உரோம் நடுவராக மாறுதல்

கி.மு. 168 ஆம் ஆண்டை நன்கு நினைவில் வைத்திருங்கள். அவ்வாண்டில் உரோமர் பிட்னா என்னுமிடத்தில் மக்கிடோனிய மன்னனைத் தோற்கடித்தனர். அலெக்சாந்தர் பிறந்த இராச்சியம் அத்துடன் முடிவுற்றது. அதே ஆண்டு செலூசிட் மன்னன் 4 ஆம் அந்தியோக்கஸ் பெரும்படையுடன் அலெக்சாந்திரியாவை நெருங்கினான். எகிப்து உரோமிடம் உதவி கேட்டது.

உரோமின் செனற் சபை படையை அனுப்பவில்லை. பொபிலியஸ் லேனாஸ் என்னும் தூதுவரை மட்டுமே அனுப்பியது. எகிப்தை விட்டு வெளியேறும்படி கூறும் கட்டளையை அவர் மன்னனிடம் கொடுத்தார். ஆலோசித்துப் பதில் சொல்வதாக மன்னன் கூறினான். தூதுவர் தம் கையிலிருந்த கோலால் மன்னனைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் கீறி, அதை விட்டு வெளியே வருமுன் பதில் வேண்டும் என்றார். மன்னன் பணிந்தான். படை திரும்பிச் சென்றது.

எகிப்து காப்பாற்றப்பட்டது உண்மைதான். ஆனால் காப்பாற்றியது அதன் சொந்தப் படை அன்று. உரோமின் ஒரு சொல். அன்றுமுதல் எகிப்தின் சுதந்திரம் உரோமின் விருப்பத்தில் தங்கியிருந்தது. நாடு கைப்பற்றப்படுவதற்கு 138 ஆண்டுகளுக்கு முன்னரே இந்நிலை தோன்றிவிட்டது என்பதை விடையில் எடுத்துக்காட்டுங்கள்.

அதன்பின் அரச குடும்பத்தினரே தமது வழக்கை உரோமிடம் கொண்டுசென்றனர். 6 ஆம் தொலமியும் அவனது தம்பி 8 ஆம் தொலமியும் சிம்மாசனத்துக்காகப் பகைத்தனர். கி.மு. 164 இல் தம்பியால் துரத்தப்பட்ட அண்ணன் முறையிடச் சென்ற இடம் உரோம். மறு ஆண்டு அண்ணனுக்கு எகிப்து, தம்பிக்குச் சிரேன் எனப் பங்கீடு நடந்தது. பின்னர் தம்பியும் உரோமுக்குச் சென்று சைப்பிரஸையும் தனக்குத் தருமாறு கேட்டான். வீட்டுச் சண்டையைத் தீர்க்க அயலவரை அழைத்தால், அடுத்த முறை அவர் அழைக்காமலே உள்ளே வருவார். தொலமி வம்சத்துக்கு நேர்ந்ததும் அதுவே.

5. உயிலும் கடனும்

உரோம் போர் செய்யாமலே நாடுகளைப் பெற்ற ஒரு வழி உயில். கி.மு. 133 இல் பேர்கமம் இராச்சியத்தின் மன்னன் 3 ஆம் அத்தாலஸ் தனது நாட்டை உரோமுக்கு எழுதிவைத்து இறந்தான். தொலமி வம்சத்திலும் இவ்வழக்கம் புகுந்தது. தனக்கு வாரிசு இல்லாவிடில் சிரேன் உரோமைச் சேரும் என 8 ஆம் தொலமி கி.மு. 155 இல் உயில் எழுதினான். இதன் மூலம் தன்னைக் கொன்று நாட்டைப் பெற நினைப்போரைத் தடுக்கலாம் என்பது அவன் எண்ணம். அவனது மகன் அப்பியோன் கி.மு. 96 இல் இறந்தபோது சிரேன் உண்மையாகவே உயிலின்படி உரோமிடம் சென்றது.

அடுத்தது கடன். 12 ஆம் தொலமி (கி.மு. 80 – 51) மன்னனாக முடிசூடியும் உரோம் அவனை ஏற்கவில்லை. அங்கீகாரம் பெறுவதற்காகக் கி.மு. 59 இல் யூலியஸ் சீசருக்கும் பொம்பிக்கும் ஏறத்தாழ 6,000 தாலந்து கொடுக்க அவன் உடன்பட்டான். ஒரு தாலந்து சுமார் 26 கிலோகிராம் வெள்ளி. எகிப்தின் ஓராண்டு வருமானமே அளவில் இதற்கு நெருக்கமானது. இப்பணத்துக்காக உரோம வட்டிக்காரரிடம் கடன் வாங்கப்பட்டது.

மறு ஆண்டே (கி.மு. 58) உரோம் சைப்பிரஸைத் தன்னுடன் இணைத்தது. அங்கு ஆண்ட மன்னனின் தம்பி தற்கொலை செய்துகொண்டான். மன்னன் வாய்திறக்கவில்லை. அலெக்சாந்திரியா மக்கள் சினங்கொண்டு அவனை நாட்டை விட்டுத் துரத்தி, அவனது மகள் பெரனீகேயை அரசியாக்கினர். மன்னனோ உரோமுக்குச் சென்று மேலும் கடன் வாங்கினான். 10,000 தாலந்து தருவதாக வாக்களித்ததால், சிரியாவின் உரோம ஆளுநர் கபீனியஸ் கி.மு. 55 இல் படையுடன் வந்து அவனை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். மன்னன் தன் மகளைக் கொல்வித்தான்.

இதன் பின்விளைவுகள் மூன்று.

- உரோமப் படையினர் ஒரு பகுதியினர் எகிப்திலேயே தங்கினர்.
- கடன் கொடுத்த உரோமரான இரபீரியஸ் என்பவர் எகிப்தின் நிதிப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். கடன் கொடுத்தவரே அந்நாட்டில் வரி அறவிட்டார்.
- வெள்ளி நாணயங்களில் வெள்ளியின் அளவு குறைக்கப்பட்டது.

மன்னன் தனது உயிலில் மகள் 7 ஆம் கிளியோபாத்திராவும் மகன் 13 ஆம் தொலமியும் சேர்ந்து ஆளவேண்டும் என எழுதி, அதை நிறைவேற்றும்படி உரோம மக்களை வேண்டினான். உயிலின் ஒரு பிரதி உரோமுக்கே அனுப்பப்பட்டது.

6. 7 ஆம் கிளியோபாத்திரா (கி.மு. 51 – 30)

கி.மு. 51 இல் ஆட்சிக்கு வந்தபோது கிளியோபாத்திராவுக்கு வயது 18; தம்பிக்கு ஏறத்தாழ 10. அவள் பெற்ற முதுசம் கடனும், குடும்பப் பகையும், உரோமப் படையும் ஆகும். சில ஆண்டுகளில் தம்பியின் ஆலோசகர்கள் அவளை நாட்டை விட்டுத் துரத்தினர்.

இவ்வேளையில் உரோமில் சீசருக்கும் பொம்பிக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்தது. கி.மு. 48 இல் பார்சாலஸ் போரில் தோற்ற பொம்பி எகிப்தில் அடைக்கலம் தேடி வந்தார். 13 ஆம் தொலமியின் ஆலோசகர்கள் அவரைக் கொன்றனர். சில நாட்களின் பின் சீசர் அலெக்சாந்திரியாவுக்கு வந்தார். பழைய கடனைக் கேட்டதோடு, உயிலைக் காட்டி அக்கா – தம்பி வழக்கைத் தாமே தீர்ப்பதாகவும் அறிவித்தார். தந்தை எழுதிய உயில் இவ்வாறு உரோமருக்கு வாசலைத் திறந்தது. இதனால் மூண்ட போரில் 13 ஆம் தொலமி கி.மு. 47 இல் நைல் நதியில் மூழ்கி இறந்தான். கிளியோபாத்திரா மற்றொரு தம்பியுடன் அரசியானாள். சீசர் மூலம் அவளுக்குப் பிறந்த மகன் சீசரியன் எனப்பட்டான்.

கி.மு. 44 மார்ச் 15 இல் சீசர் கொல்லப்பட்டார். அக்காலத்தில் எகிப்தில் இயற்கையும் கைகொடுக்கவில்லை. நைல் நதி போதியளவு பெருகாமல் பஞ்சமும் நோயும் ஏற்பட்டன. கி.மு. 43 இல் அலாஸ்காவின் ஒக்மொக் எரிமலை வெடித்ததும் இதற்கு ஒரு காரணமாகலாம் என 2020 இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது.

கி.மு. 41 இல் கிளியோபாத்திரா தார்சு நகரில் மார்க் அந்தனியைச் சந்தித்தாள். அப்போது உரோமின் கிழக்குப் பகுதி அந்தனியிடமும், மேற்குப் பகுதி சீசரின் வளர்ப்பு மகன் ஒக்டேவியனிடமும் இருந்தன. அந்தனிக்குப் பார்த்தியரை எதிர்த்துப் போரிடப் பணமும் உணவும் தேவை. கிளியோபாத்திராவுக்கு இராச்சியத்தைக் காக்க ஓர் உரோமத் துணை தேவை. இருவரின் உறவில் அன்பு இருந்திருக்கலாம். அரசியல் தேவை நிச்சயமாக இருந்தது.

இவ்வுறவால் எகிப்து பெற்ற நன்மை சிறிதன்று. சைப்பிரஸ் அவளது ஆட்சியில் உறுதியானது. சிரியாவின் சில பகுதிகள், சிலீசியாவின் சில பகுதிகள் என முன்னோர் இழந்த பல நிலங்கள் மீண்டும் கிடைத்தன. கி.மு. 34 இல் அலெக்சாந்திரியாவில் நடந்த விழாவில் அந்தனி அவளை ‘அரசர்களின் அரசி’ எனவும் சீசரியனை ‘அரசர்களின் அரசன்’ எனவும் அறிவித்து, தங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் கிழக்கு நாடுகளைப் பங்கிட்டார். வரைபடத்தில் பார்த்தால் தொலமி இராச்சியம் மீண்டும் எழுந்தது போலத் தோன்றும். ஆனால் அந்த எழுச்சி முழுவதும் ஒரே ஓர் உரோமரின் வெற்றியில் தங்கியிருந்தது. அவர் விழுந்தால் எகிப்தும் விழும்.

7. அக்டியம் போரும் இறுதி நாட்களும்

ஒக்டேவியன் இவ்விழாவைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தினார். அந்தனி அந்நிய அரசிக்கு அடிமையாகிவிட்டார் என உரோமில் பிரசாரம் செய்தார். கி.மு. 32 இல் அந்தனியின் உயிலைப் பகிரங்கமாக வாசித்து, தம்மை அலெக்சாந்திரியாவில் அடக்கம் செய்யும்படி அந்தனி எழுதியிருப்பதை வெளிப்படுத்தினார். பின்னர் போர் பிரகடனம் செய்யப்பட்டது. அது கிளியோபாத்திராவுக்கு எதிராக மட்டுமே செய்யப்பட்டது. ஏன்? அந்தனியின் பெயரைச் சொன்னால் அது உரோமருக்கு இடையிலான உள்நாட்டுப் போராகிவிடும். மக்கள் அத்தகைய போர்களால் களைத்திருந்தனர்.

கி.மு. 31 செப்டெம்பர் 2 இல் கிரேக்கத்தின் மேற்குக் கரையிலுள்ள அக்டியம் என்னுமிடத்தில் கடற்போர் நடந்தது. போருக்கு முன்னரே ஒக்டேவியனின் தளபதி அக்கிரிப்பா உணவு வரும் கடல்வழிகளை அடைத்துவிட்டார். அந்தனியின் படையினர் நோயாலும் பசியாலும் வருந்தினர். பலர் எதிரணிக்குச் சென்றனர். போர் நடக்கும்போது கிளியோபாத்திராவின் 60 கப்பல்கள் பாய் விரித்துத் தெற்கே சென்றன. அந்தனியும் பின்தொடர்ந்தார். எஞ்சிய கடற்படையும் பின்னர் தரைப்படையும் சரணடைந்தன.

கி.மு. 30 ஓகஸ்ட் 1 இல் ஒக்டேவியன் அலெக்சாந்திரியாவைக் கைப்பற்றினார். அந்தனி தற்கொலை செய்துகொண்டார். சில நாட்களின் பின் கிளியோபாத்திராவும் தமது 39 ஆவது வயதில் உயிரை மாய்த்துக்கொண்டாள். உரோம வீதிகளில் கைதியாக இழுத்துச் செல்லப்படுவதை அவள் விரும்பவில்லை. சீசரியன் கொல்லப்பட்டான். அந்தனியின் பிள்ளைகள் மூவரும் உரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொலமி வம்ச ஆட்சி இத்துடன் முடிவுற்றது.

8. விளைவுகள்

(அ) எகிப்துக்கு ஏற்பட்ட விளைவுகள்

எகிப்து உரோமின் மாகாணமாயிற்று. ஆனால் மற்ற மாகாணங்களைப் போலன்றி, ஒக்டேவியனின் நேரடிப் பொறுப்பில் வைக்கப்பட்டது. குதிரை வீரர் வகுப்பைச் சேர்ந்த ஒருவரே ஆளுநரானார்; ஒக்டேவியனின் அனுமதியின்றிச் செனற் சபை உறுப்பினர் எவரும் எகிப்துக்குள் நுழைய முடியாது. தானியத்தைக் கட்டுப்படுத்துபவர் உரோமையே பட்டினி போடலாம் என்பதே இதற்குக் காரணம். முதல் ஆளுநர் கோர்னேலியஸ் கல்லஸ். அவரது காலத்தில் வரி அறவீட்டை எதிர்த்துத் தென்னெகிப்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர், கிளர்ச்சி அடக்கப்பட்டது. பின்னர் தலைவரியும் விதிக்கப்பட்டது. விவசாயிக்கு அரசர் மாறினார், சுமை மாறவில்லை. முன்பு அலெக்சாந்திரியாவில் தங்கிய செல்வம் இப்போது கடல்கடந்து சென்றது.

(ஆ) உரோமுக்கு ஏற்பட்ட விளைவுகள்

தொலமி மன்னர்களின் திரவியத்தால் ஒக்டேவியன் படையினருக்குச் சம்பளமும் நிலமும் கொடுத்தார். பணம் பெருகியதால் உரோமில் 12 சதவீதமாக இருந்த வட்டி 4 சதவீதமாகக் குறைந்தது என டியோ என்னும் வரலாற்றாசிரியர் எழுதினார். எதிரிகள் எவருமற்ற ஒக்டேவியன் கி.மு. 27 இல் ‘அகஸ்டஸ்’ என்ற பட்டத்தைப் பெற்றார். குடியரசு முடிந்து பேரரசு தொடங்கியது. பின்னர் கி.மு. 8 இல் ஆண்டின் ஒரு மாதத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. அலெக்சாந்திரியா வீழ்ந்த மாதம் என்பதால் அம்மாதம் தெரிவுசெய்யப்பட்டது. இன்று நாம் ஓகஸ்ட் என்று சொல்லும் மாதம் அதுவே.

(இ) தென்னாசிய வணிகத்தில் ஏற்பட்ட விளைவுகள்

எகிப்தின் செங்கடல் துறைமுகங்கள் உரோமரிடம் வந்ததால், பருவக்காற்றின் துணையுடன் நடந்த இந்தியக் கடல்வணிகம் விரைவாக வளர்ந்தது. தொலமி காலத்தில் மிகச் சில கப்பல்களே இந்தியாவுக்குச் செல்லத் துணிந்தன; தமது காலத்தில் மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து 120 கப்பல்கள் செல்கின்றன என ஸ்ராபோ என்னும் புவியியலாளர் எழுதினார். சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து மிளகு சென்றது. உரோம நாணயங்கள் வந்தன. தென்னிந்தியாவில் அகஸ்டஸ், தைபீரியஸ் ஆகியோரின் நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. சங்க இலக்கியம் கூறும் யவனர் இவ்வணிகத்துடன் தொடர்புடையோரே. பேரரசன் குளோடியஸ் காலத்தில் (கி.பி. 41 – 54) இலங்கையிலிருந்து தூதுக்குழு ஒன்று உரோமுக்குச் சென்றதாகப் பிளினியின் நூல் குறிப்பிடுகிறது.

9. காரணிகளை வகுத்து எழுதுதல்

நீண்டகாலக் காரணிகள்

1. ஆட்சியாளர் அந்நியராக இருந்தமையும் உள்நாட்டுக் கிளர்ச்சிகளும்.
2. அரச குடும்பத்தின் ஓயாத அரியணைப் போட்டி.
3. வெளிப் பிரதேசங்களையும் அவற்றின் வருமானத்தையும் இழந்தமை.
4. பாதுகாப்புக்கும் தீர்ப்புக்கும் உரோமை நாடியமை (கி.மு. 168 முதல்).
5. உயில்களும் கடன்சுமையும்.

உடனடிக் காரணிகள்

1. உரோமின் உள்நாட்டுப் போர்களில் எகிப்து சிக்கியமை.
2. கி.மு. 34 ஆம் ஆண்டு விழாவும் ஒக்டேவியனின் பிரசாரமும்.
3. அக்டியம் தோல்வி.
4. கி.மு. 30 இல் அலெக்சாந்திரியா கைப்பற்றப்பட்டமை.

நீண்டகாலக் காரணி காய்ந்த வைக்கோல்; உடனடிக் காரணி தீப்பொறி. ஈரமான வைக்கோலில் பொறி விழுந்தால் எரியாது. வைக்கோல் எப்படிக் காய்ந்தது என்பதையும் எழுதினால்தான் விடை நிறைவுபெறும்.

10. ஆதாரங்களைப் பயன்படுத்தும்போது

கிளியோபாத்திரா பற்றி நாம் அறிபவற்றுள் பெரும்பகுதி வென்றவர் பக்கத்திலிருந்து வந்தது. அவளது வாழ்வை விரிவாகச் சொல்லும் புளூட்டாக் அவள் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர். பாம்புக் கதையைச் சொல்லும் அவரே, உண்மை எவருக்கும் தெரியாது எனவும் எழுதுகிறார். எனவே விடையில் ‘பாம்பு கடித்து இறந்தாள்’ என்று முடிவாக எழுதாமல், ‘பாம்பு கடித்து இறந்ததாகக் கூறப்படுகிறது’ என எழுதுங்கள். மயக்கும் பெண் என்ற சித்திரம் ஒக்டேவியனின் பிரசாரத்துக்கு உதவியது என்பதையும் கவனியுங்கள். பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த நாட்டை இருபத்தொரு ஆண்டுகள் காப்பாற்றிய ஆட்சியாளர் என்ற பக்கமும் அவளுக்கு உண்டு.

மாதிரி வினா

‘தொலமி இராச்சியத்தின் வீழ்ச்சிக்குக் கிளியோபாத்திராவே காரணம்.’ இக்கூற்றை நீர் ஏற்றுக்கொள்வீரா? காரணங்களுடன் விளக்குக.

மாதிரி விடை

இக்கூற்றை முழுமையாக ஏற்கமுடியாது. கிளியோபாத்திரா ஆட்சிக்கு வருமுன்னரே தொலமி இராச்சியம் தன் சுதந்திரத்தில் பெரும்பகுதியை இழந்திருந்தது. கி.மு. 168 இல் செலூசிட் படையெடுப்பிலிருந்து எகிப்தை உரோமத் தூதுவரே காத்தார். அதன்பின் அரச குடும்பத்தினர் தமது பிணக்குகளை உரோமிடம் கொண்டுசென்றனர். சிரேன் உயிலின் மூலமும், சைப்பிரஸ் கி.மு. 58 இல் இணைப்பின் மூலமும் உரோமரிடம் சென்றன. 12 ஆம் தொலமி பெற்ற கடன் நாட்டின் நிதியையே உரோமர் கையில் ஒப்படைத்தது. கிளியோபாத்திரா சீசர், அந்தனி ஆகியோரின் துணையுடன் இராச்சியத்தைக் காக்க முயன்று, இழந்த பிரதேசங்கள் சிலவற்றை மீட்டாள். எனினும் அந்தனியுடன் மட்டும் தன் எதிர்காலத்தைப் பிணைத்தமை ஒக்டேவியனுக்குப் போர் தொடுக்கக் காரணம் கொடுத்தது. கி.மு. 31 அக்டியம் தோல்வியும் கி.மு. 30 அலெக்சாந்திரியாவின் வீழ்ச்சியும் இதனால் விளைந்தன. எனவே அவளது முடிவுகள் வீழ்ச்சியின் உடனடிக் காரணிகளுள் ஒன்றாகும். அடிப்படைக் காரணி நூற்றைம்பது ஆண்டுகளாக வளர்ந்த உரோமத் தங்கியிருத்தலாகும்.

இவ்விடையைக் கவனியுங்கள். முதல் வரியிலேயே தீர்மானம் உள்ளது. ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் ஆண்டோ நிகழ்வோ ஆதாரமாக உள்ளது. மறுபக்கமும் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. இம்மூன்றும் இருந்தால் எந்தப் ‘ஏற்றுக்கொள்வீரா’ வினாவுக்கும் அஞ்சத் தேவையில்லை.

பயிற்சி வினாக்கள்

1. தொலமி வம்சத்தை நிறுவியவர் எவருடைய தளபதியாக இருந்தார்?
2. ரொசெட்டாக் கல்வெட்டு எந்த மன்னனின் காலத்தது?
3. கி.மு. 168 இல் அந்தியோக்கஸை எதிர்கொண்ட உரோமத் தூதுவர் யார்?
4. உயிலின் மூலம் உரோமருக்குச் சென்ற இரு பிரதேசங்களைக் குறிப்பிடுக.
5. கி.மு. 32 இல் போர் கிளியோபாத்திராவுக்கு எதிராக மட்டும் பிரகடனம் செய்யப்பட்டமைக்கான காரணத்தை விளக்குக.
6. எகிப்தில் செனற் சபை உறுப்பினர் நுழைவதற்குத் தடை விதிக்கப்பட்டது ஏன்?
7. ‘கடன் கொடுத்தவரே வரி அறவிட்டார்.’ இக்கூற்றை 12 ஆம் தொலமியின் ஆட்சியைக் கொண்டு விளக்குக.

விடைகள் (1 – 4): 1. மகா அலெக்சாந்தர் 2. 5 ஆம் தொலமி 3. பொபிலியஸ் லேனாஸ் 4. பேர்கமம், சிரேன்

5, 6, 7 ஆம் வினாக்களுக்கு ஐந்து வரிக்குக் குறையாமல் எழுதிப் பாருங்கள். எழுதியபின், கிளியோபாத்திராவின் அழகைப் பற்றி ஒரு வரியேனும் உள்ளதா எனப் பாருங்கள். இருந்தால் அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆண்டையும் ஒரு காரணத்தையும் எழுதுங்கள்.